முக்கோணம்

இன்று மணிக்கட்டில் குத்திய முத்திரை மீன்.
போன வாரம் குடை.
மேசைக்குப் பின்னால் ரீக்கா சொல்கிறாள்:
"மூணு பேண்டு, எட்டு யூரோ.
நடுவுல வர்றது சுமார்தான்."
நடுவில் வருவது அவள் தம்பியுடையது.

தம்பெரேயில் நவம்பர்.
ஒருகாலத்தில் செருப்பு ஆலையாக இருந்த கட்டடத்தின் நிலவறை.
ஆணிகளில் தொங்கும் கோட்டுகளிலிருந்து
பனி சொட்டிச் சொட்டி
நனைந்த நாயின் வாடை.
ஊறுகாய் பாட்டிலில் மஞ்சள் காதடைப்பான்கள்,
ஜோடி ஐம்பது சென்ட்.
போட்டார்களா என்று யாரும் பார்ப்பதில்லை.

முதல் குழுவுக்குப் பதினாலு பேர் இருந்தோம்.
மேடைக்கும் எங்களுக்கும் நடுவே
யாரோ பாம்பை அவிழ்த்துவிட்ட மாதிரி காலி இடம்.
இந்த ஊரில் அப்படித்தான்,
பிடித்துப்போனாலும் சுவரோரம் நின்றுதான் பிடிக்கும்.
ஒவ்வொரு பாட்டு முடிந்ததும்
பாடகி மன்னிப்புக் கேட்டாள்.
எதற்கென்று சொல்லவில்லை.

பிறகு தம்பி டூக்காவும் அவன் கூட்டாளிகளும்.
மூன்றாம் பாட்டில் டிரம்ஸ் ஓர் அடி முந்திக்கொண்டது,
நாலு பேரும் நாலு திசைக்குப் போய்விட்டார்கள்.
ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிரிப்பு வந்துவிட்டது.
சிரித்தபடியே, நடுவில் எங்கேயோ,
ஓடும் பஸ்ஸில் தொற்றுகிற மாதிரி
கைக்கு அகப்பட்டதைப் பிடித்து ஏறினார்கள்.
அடுத்த ஒன்றரை நிமிஷம்,
சத்தியமாகச் சொல்கிறேன்,
சுமார் இல்லை.
திரும்பினேன். காசுப்பெட்டியைத் திறந்தபடி போட்டுவிட்டு
ரீக்கா வாசலில் நின்றிருந்தாள்.
நான் பார்த்ததும் சில்லறை எண்ணப் போய்விட்டாள்.

கடைசியாக ஔலுவிலிருந்து வந்தவர்கள்.
அவர்களோடு கூட்டமும்
கூட்டத்தோடு அவனும்.
இந்த வருஷம் முழுக்க
எந்தக் கச்சேரியிலும் எனக்கு முன்னால் அவன்தான்.
சாம்பல் ஸ்வெட்டர், இடது தோளில் நூல் பிரிந்தது.
பெயர் தெரியாது,
மனசுக்குள் அலமாரி என்று கூப்பிடுகிறேன்.
நான் ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு.
அலமாரி கைகட்டி நின்றால் எனக்கு ஒன்றுமில்லை.
பீர் குடிக்கக் கையைத் தூக்கினால்
முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே
ஒரு முக்கோணம் திறக்கும்.

என் மேடை அதுதான்.
அதற்குள் பேஸ் கிதார்க்காரியின் இடதுகை,
நடுவிரலில் அழுக்கேறிய பிளாஸ்திரி,
கீழே பெடலின் சிவப்புப் பொட்டு.
மீதியை உடம்பு பார்த்துக்கொள்ளும்.
பகலில் ஊரார் வாய்க்குப் பல் வார்ப்பவள் நான்.
பேஸின் அடிநாதம்
எனக்குக் காதுக்கு முன்னால்
கடைவாயில் கேட்கிறது.

எல்லாரும் காத்திருந்த பாட்டு தொடங்கியது.
அலமாரி கடிகாரத்தைப் பார்த்தான்,
தம்ளரைத் தூணோரம் வைத்தான்,
தோள்களுக்கு நடுவே புகுந்து வெளியே போனான்.
மேடை மொத்தமும் என்மேல் வந்து விழுந்தது.
ஒட்டுநாடாக்கள், வயர்ச் சுருள்கள், கசங்கிய துண்டு,
பாடுகிறவனின் தூங்காத கண்,
ஆம்ப்ளிஃபயர்மேல் பாதி தின்ற வாழைப்பழம்.
அத்தனையும் ஒரே சமயத்தில்.
எங்கே பார்ப்பது என்று தெரியாமல்
அந்தக் கையைத் தேடிக்கொண்டிருந்தேன்.
கண்டுபிடித்தபோது
பாட்டு தீர்ந்திருந்தது.

டிராம் நிறுத்தத்தில் அவன்.
தண்டவாளத்தில் உறைபனியாம்,
பலகையில் இருபத்தைந்து நிமிஷம் என்று போட்டிருந்தது.
என் மணிக்கட்டைப் பார்த்தான். அவனுடையதிலும் மீன்.
"கடைசிப் பாட்டு எப்படி?"
"சத்தமா இருந்துச்சு," என்றேன்.
தலையாட்டினான்.
அதற்குமேல் பேச இருவருக்கும் ஒன்றுமில்லை,
காதில் ரீங்காரம் வேறு.
ஏரிப்பக்கம் இருந்து காற்று அறுத்துக்கொண்டு வந்தது.
கண்ணாடித் தடுப்பில் இடம் இருந்தது.
நான் ஓர் எட்டு நகர்ந்து
அவன் முதுகுக்குப் பின்னால்
வழக்கமான இடத்தில் நின்றுகொண்டேன்.